ஃபில்டரில் ஒட்டிக் கிடக்கும் மீன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் 25 லிட்டர் தொட்டியில் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று வளர்க்கிறோம். வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மாதிரி ஃபில்டர், டப்பாவில் மணிக்கு 400 லிட்டர் என்று போட்டிருக்கிறது. இந்தக் குளிர் ஆரம்பித்ததிலிருந்து மீன் சோர்ந்து கிடக்கிறது, சாப்பாடும் குறைந்துவிட்டது. போன வாரம் இரண்டு முறை காலையில் எழுந்து பார்த்தால் ஃபில்டர் தண்ணீரை இழுக்கிற பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையால் பிடித்து இழுத்து விட்டேன், வால் கொஞ்சம் கிழிந்துவிட்டது. மகள் ஒரே அழுகை. இரவில் ஃபில்டரை அணைத்து வைக்கலாமா? கடையில் கேட்டால் வேறு மீன் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.
(ஒரு வாசகி, தாம்வே, ரங்கூன்)

பதில்: இரவில் அணைக்க வேண்டாம் அம்மா. காரணம் பிறகு சொல்கிறேன், முதலில் மீனைப் பார்ப்போம்.

உடம்பில் தெம்புள்ள ஃபைட்டர் மீன் இந்த அளவு மோட்டாரின் இழுப்புக்கு அசையாது, கிட்டே போனாலும் வாலை இரண்டு தட்டுத் தட்டி விலகிவிடும். அது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்றால் அதன் பலம் அதற்கு முன்பே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆக உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. இழுப்பை இன்றைக்கே தடுப்பது ஒன்று, மீன் ஏன் பலம் இழந்தது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. பலர் முதல் வேலையை முடித்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள், அப்புறம் அந்த மீன் ஃபில்டரில் சாகாமல் தொட்டி மூலையில் சாகிறது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் தண்ணீரில் கை வைக்காதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், உங்கள் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. மோட்டார் நின்ற உடனே இழுப்பு போய்விடும், பெரும்பாலும் மீன் தானாகவே கழன்று கீழே சாயும். பிடித்து இழுத்தால் ஓட்டைக்குள் போன வால் கிழியும், மேலே இருக்கிற வழவழப்பும் செதிலும் கையோடு வந்துவிடும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் வலை போடாமல் ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள் சாய்த்து, தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள்.

எடுத்ததும் வெளிச்சத்தில் வைத்து அதன் விலாவைப் பாருங்கள். அந்த இழுக்கும் வாயில் இருக்கிற கோடு கோடான ஓட்டைகள் அப்படியே மீன் உடம்பில் பதிந்திருக்கும், கோட்டு ஓரங்களில் செதில் லேசாகத் தூக்கி நிற்கும், நடுவில் ரத்தம் கன்றி இளஞ்சிவப்பாகத் தெரியும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தண்ணீர் சுத்தமாக இருந்தால் சில நாளில் ஆறிவிடும். அந்த இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது முளைத்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து தேவைப்படும். வாலையும் பாருங்கள். நேர்கோடாகக் கிழிந்திருந்தால் காயம், தானாக வளர்ந்து சேரும். ஓரம் அரித்தாற்போல் கருத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் உள்பக்கம் ஏறிக்கொண்டு வந்தால் அது வால் அழுகல், ஃபில்டர் செய்த வேலை இல்லை.

இப்போது இழுப்பைத் தடுப்பது. இழுக்கும் வாயின் மேல் ஒரு ஸ்பாஞ்சை மாட்டுங்கள், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற பெரிய துளை உள்ள ஸ்பாஞ்சாக, மீன் கடையில் விற்கிற கருப்பு அல்லது நீலத் துண்டாக வாங்கி, நடுவில் கத்தியால் துளைத்து உறை போல மாட்டிவிடலாம். உங்கள் ஃபில்டர் வாய் தட்டையாக உடம்பிலேயே இருந்தால் ஸ்பாஞ்சைச் சுற்றி வெள்ளை நூலால் கட்டுங்கள். முன்பு நாலைந்து ஓட்டை வழியாக வேகமாகப் போன அதே தண்ணீர் இப்போது ஸ்பாஞ்சின் முழுப் பரப்பு வழியாகவும் மெதுவாகப் போகும். மீன் அதன் மேலே சாய்ந்து படுத்தாலும் உடம்பில் எந்த இடத்திலும் இழுக்காது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு வேண்டாம், சிலவற்றில் கிருமி கொல்லும் மருந்து ஏற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு வீட்டில் கிடக்கிற பழைய கொசுவலையை வெட்டி ஃபில்டரில் கட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. மலேரியாவுக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து ஏற்றிய வலைகள் இங்கே எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன, அந்த மருந்து பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை. மனிதருக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத இது மீனுக்குக் கொடிய விஷம், மிகக் கொஞ்சம் தண்ணீரில் கலந்தாலும் போதும். உங்கள் வலை மருந்து ஏற்றியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் கொசுவலை என்றாலே வேண்டாம். கொசுவுக்கு ஸ்பிரே அடிப்பதும் இதே வகை மருந்துதான். ஏர் பம்ப் அறையின் காற்றையே உறிஞ்சித் தொட்டிக்குள் விடுகிறது, ஆகவே அந்த அறையில் அடிக்காதீர்கள்.

அடுத்து மோட்டாரின் வேகம். 25 லிட்டர் தொட்டியில் கல், செடி எல்லாம் போக 20 லிட்டர் தண்ணீர் இருக்கும். மணிக்கு 400 லிட்டர் என்றால் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை சுற்றுகிறது. டப்பாவில் போட்ட கணக்கு முழுசாக வராது, பாதியே வந்தாலும் ஃபைட்டருக்கு அது அதிகம், நாலைந்து சுற்றுப் போதும். நீளமான வாலும் துடுப்பும் வைத்து மனிதர் வளர்த்தெடுத்த மீன் அது, அந்தத் துணிப்பாரத்தை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் தெம்புள்ள மீனே களைத்துவிடும். ஃபில்டரில் வேகம் குறைக்கும் திருகு இருந்தால் கடைசி வரை குறையுங்கள். தண்ணீர் வெளியே வருகிற மூக்கைக் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள், மோதித் திரும்பும்போது வேகம் செத்துவிடும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு குச்சியின் நுனியில் தையல் நூலைக் கட்டி, ஸ்பாஞ்சிலிருந்து ஒரு விரல் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் தளர்ந்து தொங்கினால் சரி, விறைத்துக்கொண்டு ஸ்பாஞ்சை நோக்கிப் போனால் இன்னும் குறைக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னும் நல்ல வழி, மோட்டாரையே எடுத்துவிட்டு ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்சு ஃபில்டர் போடுவது. விலையும் குறைவு, கிழட்டு மீனையும் குஞ்சையும் அது ஒன்றும் செய்யாது. மாற்றும்போது பழைய ஃபில்டரை உடனே எடுத்துவிடாமல் ஒன்றரை மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

ஏன் ஒன்றரை மாதம் என்பதும், ஏன் இரவில் அணைக்கக் கூடாது என்பதும் ஒரே விஷயம்தான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது, அது செவுளை எரிக்கிற விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவை புதிய ஸ்பாஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், உயிரோடு இருக்க ஓடும் தண்ணீரில் வருகிற பிராணவாயு வேண்டும். ஒரு ராத்திரி நின்றால் எல்லாம் செத்துவிடாது. தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் நிறுத்தினால் அவை பலவீனப்பட்டு அம்மோனியா ஏறும், ஏற்கெனவே சோர்ந்த மீன் முழுசாகப் படுத்துவிடும். ஸ்பாஞ்சைக் கழுவுவதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான், குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அவை சாகக்கூடும்.

சரி, மீன் ஏன் சோர்ந்தது? குளிர் ஆரம்பித்ததிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நானும் அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். டிசம்பர், ஜனவரியில் ரங்கூனில் இரவு 17, 18 டிகிரி வரை இறங்குகிறது. பெரிய தொட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், 25 லிட்டர் விடியற்காலைக்குள் சில்லென்று ஆகிவிடும். ஃபைட்டர் மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். குளிர்ந்தால் அதற்கு ஜீரணமும் மந்தம், நீந்துவதும் மந்தம். நீங்கள் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்த இரண்டு முறையும் காலை நேரம் என்பதைக் கவனித்தீர்களா? ஒரு தெர்மாமீட்டர் வாங்கி விடிந்ததும் பாருங்கள். 25 வாட் ஹீட்டர் போதும். கரண்ட் நம்ப முடியாத பகுதி என்றால் தொட்டியை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, அடியிலும் பின்னாலும் பக்கங்களிலும் தெர்மோகோல் அட்டை வைத்துவிடுங்கள். வெந்நீரை ஊற்றிச் சூடாக்க வேண்டாம், ஏற்றம் இறக்கம் மெதுவாக இருக்க வேண்டும்.

இதோடு அம்மோனியா சோதனைச் சொட்டு மருந்து கிடைத்தால் பாருங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நாலைந்து நாள் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், அதே சூட்டில், குளோரின் போன தண்ணீராக. இரண்டு நாள் தீனி போடாதீர்கள், அதனால் மீன் சாகாது. அப்புறம் வேளைக்கு இரண்டு மூன்று உருண்டை. மேலிருந்து பார்க்கும்போது வயிறு ஊதி, செதில்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றால் அது உள்ளுறுப்பு கெட்டுப்போன நிலை, அதிலிருந்து பிழைப்பது அபூர்வம். மகளிடம் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

இல்லையென்றால் இது வயதும் குளிரும் சேர்ந்தது. ஃபைட்டர் மீன் பொதுவாக இரண்டு முதல் நாலு வருடம் இருக்கும், கடைக்கு வரும்போதே அதற்குப் பல மாத வயது ஆகியிருக்கும். உங்களுடையது வயசாளி. அதற்கேற்ற மாதிரி வீட்டை மாற்றிக் கொடுங்கள். இது செவுளால் மட்டும் இல்லாமல் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கிற மீன், அதனால் தண்ணீர் உயரத்தை 15 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையுங்கள், ஃபில்டரும் ஹீட்டரும் மூழ்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மட்டத்துக்குக் கிட்டே அகல இலைச் செடி ஒன்று இருந்தால் அதில் படுத்துக்கொண்டே எட்டிக் காற்று குடிக்கும். தானாகக் காய்ந்து விழுந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடலாம், தண்ணீர் டீ நிறமாகும், காயத்துக்கு நல்லது. நிற்கவே முடியாத அளவுக்குத் தளர்ந்திருந்தால் குஞ்சு விடுகிற வலைப்பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே, ஃபில்டருக்கு எதிர் மூலையில் மாட்டி அதில் விடுங்கள். தனி வாளியை விட இது மேல், ஏனென்றால் அதே சூடு, அதே சுத்தமான தண்ணீர் கிடைக்கும். வாளியில் போட்டால் தினமும் பாதித் தண்ணீர் மாற்றியாக வேண்டும்.

வேறு மீன் வாங்கச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தை இரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்த மீன் அது. அதோடு, அதே குளிர்ந்த தண்ணீரில், அதே வேகத்தில் ஓடும் மோட்டார் முன்னால் புது மீனை விட்டால் அதுவும் ஒரு நாள் அங்கேதான் போய் ஒட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வெளியே வைக்கிற பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருக்கிறேன். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்து ஃபில்டர் ஓட ஆரம்பித்ததும் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, பலவீனமான ஒன்று செத்தும் போனது. கரண்ட் இல்லாதபோது தாக்குப்பிடித்த மீன் கரண்ட் வந்ததும் ஏன் சாகிறது?
(ஒரு வாசகர், மோல்மீன்)

பதில்: ஐயா, நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி. கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கிற தண்ணீரில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும், பாக்டீரியாக்கள் சாக ஆரம்பிக்கும், அழுக்கு உள்ளேயே அழுகும். மோட்டார் ஓடியதும் அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வந்து கொட்டுகிறது. திடமான மீன் தாங்கும், தளர்ந்தது தாங்காது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் கரண்ட் வந்தவுடன் தானாக ஓட விடாதீர்கள். பிளக்கை எடுத்து வையுங்கள், டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். தினமும் இது முடியாது என்பது எனக்குத் தெரியும். இத்தனை மணி நேரம் கரண்ட் போகிற ஊருக்குக் கேனிஸ்டர் ஏற்றது இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஸ்பாஞ்சு ஃபில்டர் இரண்டு போட்டு, கரண்ட் போனால் தானாக பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்பில் இணைத்துவிடுங்கள். பவர் பேங்கில் ஓடுகிற சின்ன ஏர் பம்பும் இப்போது கிடைக்கிறது. ஏர் பம்பைத் தொட்டித் தண்ணீர் மட்டத்தை விட உயரமாக வையுங்கள், அல்லது டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி, பம்பையும் பிளக்கையும் நனைத்துவிடும்.

பேட்டரி ஒன்றும் இல்லாத நேரத்தில் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மக்கு. பலவீனமான மீன் இருக்கிற பக்கத்தில் ஊற்றாதீர்கள். கரண்ட் போகும் நேரம் முன்பே தெரிந்தால் அதற்கு முன் தீனி போட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் கப்பி மீன் குட்டி போடுகிறது. ஆனால் இரண்டு நாளில் ஒன்று கூட இல்லை. ஃபில்டர் சாப்பிடுகிறதா, அம்மா மீன் சாப்பிடுகிறதா?
(ஒரு மாணவன், பெகு)

பதில்: இரண்டும் நடக்கும் தம்பி. ஃபில்டரைப் பிளக் எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துத் திறந்து பார். குட்டிகள் உள்ளே உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும், பல பேர் வீட்டில் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிறக்கும்போது அது அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான், எந்த ஓட்டையிலும் நுழையும். மேலே சொன்ன ஸ்பாஞ்சு உறையை மாட்டு. தாய்க்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ள மிதக்கும் செடியை அடர்த்தியாகப் போடு. தாயைச் சின்னப் பெட்டியில் நாள் கணக்கில் அடைத்து வைக்காதே, அது தவித்துப் போகும்.

கேள்வி: டவுஞ்ஜியிலிருந்து உறவினர் கேலக்ஸி ரஸ்போரா மீன்கள் கொண்டுவந்து கொடுத்தார். ரங்கூனில் எங்கள் தொட்டியில் விட்டதிலிருந்து ஃபில்டரின் எதிர்ப்பக்கம் ஒன்றாக ஒடுங்கி நிற்கின்றன, இரண்டு மீன் இழுக்கும் குழாயில் ஒட்டிச் செத்துவிட்டன. இவை இயல்பிலேயே பலவீனமான மீனா?
(ஒரு வாசகர், போட்டடாங், ரங்கூன்)

பதில்: பலவீனமான மீன் இல்லை, உங்கள் தொட்டி அதன் ஊர் மாதிரி இல்லை. 2006-ல் ஷான் மாநிலத்தில் ஹோப்போங் பக்கத்துக் குளங்களில்தான் இந்த மீன் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது, 2007-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, ஒரு முழம்கூட ஆழமில்லாத, தெளிந்த, செடி மண்டிய தண்ணீர் அது. ஓட்டம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. முழுசாக வளர்ந்தாலும் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கருநீல உடம்பில் முத்து முத்தாகப் புள்ளி, துடுப்பில் சிவப்புக் கோடு, நம் நாட்டு மீன்களிலேயே அழகானது இது என்று நான் சொல்வேன். அதைச் சாதாரண மோட்டார் முன்னால் விட்டால் பகல் முழுக்க நீந்தி நீந்தியே ஓய்ந்துபோகும்.

இழுக்கும் குழாயில் ஸ்பாஞ்சு கட்டாயம், துளை சிறியதாகவே இருக்கட்டும். ஆனால் துளை சிறியது என்றால் சீக்கிரம் அடைக்கும், வாரம் ஒருமுறை அலசுங்கள். வெளியே வரும் தண்ணீரை ஓட்டைகள் போட்ட நீளக் குழாய் வழியாகப் பரவலாக விழ வையுங்கள். தொட்டியில் பாதிக்கு மேல் செடியும் பாசியும் வையுங்கள், அதற்குள் நுழைந்துகொண்டால் ஓட்டம் அவற்றைத் தொடாது. செத்த மீன் குழாயில் ஒட்டியிருந்தால் குழாய்தான் கொன்றது என்று முடிவு கட்டாதீர்கள், வேறு காரணத்தால் செத்த மீனையும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் கொண்டு சேர்க்கும். மிச்ச மீன்கள் மூச்சு வாங்குகிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காட்டு மீன் காய்ந்த தீனியை உடனே தொடாது, ஆர்டீமியா (உப்புநீரில் வளரும் மிகச் சின்ன இறால் வகை) குஞ்சோ கொசுப்புழுவோ கொடுத்தால் தின்னும்.

உங்களுக்கு உண்மையான சோதனை வெயில் காலத்தில்தான். இந்த மீனுக்கு 22 முதல் 25 டிகிரி பிடிக்கும். ஏப்ரலில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும், சூடான தண்ணீரில் பிராணவாயுவும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். ஸ்பாஞ்சு போட்டு வேகத்தைக் குறைத்த பிறகு தண்ணீர் மேல்மட்டம் அசையாமல் கிடந்தால் இன்னும் மோசம், அதனால் ஒரு ஏர் ஸ்டோனைத் தனியாக மெல்லிய குமிழி வருகிற மாதிரி விடுங்கள். மேல் மூடியை எடுத்துவிட்டு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இந்த மீன் துள்ளக்கூடியது, மூடிக்குப் பதில் மருந்து படாத பிளாஸ்டிக் வலை போடுங்கள். தண்ணீர் வேகமாக வற்றும், தினமும் ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கும். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் காற்று விட்டு வைத்து, இரும்பு அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றுங்கள்.